பாதாளத்தின் நாலாவது மாடி

செத்த எலியைத் தின்கிறாயா என்று ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் கேட்டது. அதுவும் தவக்காலத்தில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில். ஆமாம் என்றால் ஓர் எழுத்தை அழுத்த வேண்டும், இல்லை என்றால் இன்னோர் எழுத்து. "அய்ய, கருமம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கேள்வி அப்படியே திரையில் நின்றுகொண்டிருந்தது. நாம் பதில் சொல்லும்வரை அந்த உலகத்தில் ஒன்றும் நகராது. அந்தப் பொறுமை ஒன்றுதான் அந்தச் சனியனிடம் நான் கண்ட நல்ல குணம்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது மதிப்பெண் ஏற்றுவதும் வாழ்த்துப் படம் அனுப்புவதும்தான். என்னைக் கொண்டுபோய் இந்த விளையாட்டின் முன்னால் உட்கார வைத்தது என் மகளின் கல்யாணம்.

மகளுக்கு பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முன்னறையில் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் மனுஷப் பிறவி மாதிரி டிவி பார்ப்பாளா, மொட்டை மாடியில் செத்த நேரம் காற்று வாங்குவாளா என்றால் கிடையாது. கறுப்பாக ஒரு திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அதில் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, நடுநடுவே ஆங்கில எழுத்துகள். ரொம்ப நாள் அதுவும் ஆபீஸ் வேலைதான் என்று நினைத்து, "பாவம், இம்புட்டு நேரம் உழைக்குதே பிள்ளை" என்று பால் ஆற்றிக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அது விளையாட்டு என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைய வழியில்லாத காலத்தில் யாரோ வெள்ளைக்காரர்கள் செய்ததாம். பாதாளத்துக்குள் மாடி மாடியாக இறங்க வேண்டும். கீழே போவதற்குப் பெயர் மாடியா என்று கேட்டதற்குச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். மாப்பிள்ளையின் அம்மாவை நான் கோயிலில் நடந்த மூன்று நாள் தியானக் கூட்டத்தில் சந்தித்தேன். மூன்று நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தென்னந்தோப்பு உண்டு. தினமும் வீட்டில் ஜெபமாலை உண்டு. பையனுக்குச் சென்னையில் நல்ல சம்பளம், ஊருக்கு வந்தால் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவன். குரலும் கணீரென்று இருக்கும் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பொங்கல் முடிந்து வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். "பசங்க ரெண்டும் போன்ல பேசிப் பழகட்டுமுங்க" என்று அந்த அம்மா சொன்னதும், என் மகளின் நம்பரை நானே எடுத்துக் கொடுத்தேன். தவக்காலத்தில் எங்களில் நல்ல காரியம் பேச மாட்டோம். ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம், பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிப்பு, பிறகு கல்யாணம் என்று எல்லாம் முடிவாயிற்று.

மகள் வேண்டாம் என்றாள்.

முதல் தடவை நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "எம்மா, இந்த எடம் வேணாம்மா" என்றாள்.

"ஏண்டி, பையனுக்குக் கண்ணு மூக்கு சரியில்லையா?"

"அதில்லம்மா. அவரு வந்து..."

"என்ன அவரு வந்து? உங்கப்பாவ நான் கோயில் படியேறுறப்பதான் நல்லா நிமிந்தே பாத்தேன். செத்தா போயிட்டேன்?" என்று ஒரே போடாகப் போட்டேன். எழுந்து போய்விட்டாள்.

இரண்டாம் தடவை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது. பின்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தாள். பேகம்பூர் பக்கம் நெரிசல், எனக்கு எரிச்சல். "இப்படியே எறக்கி விட்டுருவேன், நடந்து வந்து சேரு" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை சாம்பல் புதனுக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில், அவளுடைய அப்பாவையும் வைத்துக்கொண்டு. தவக்காலம் தொடங்குமுன் கடைசிக் கறிச் சாப்பாடு அது. "எம்மா, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளு" என்றுதான் சொன்னாள். நான் கரண்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாய் திறக்க மாட்டார். குனிந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கத்தி முடித்த கையோடு பழியைத் தூக்கி அந்த விளையாட்டின் மேல் போட்டேன். "எல்லாம் அந்தக் கறுப்புப் பொட்டி பண்ற வேலை. ராத்திரி பகல்னு இல்லாம பொந்துக்குள்ள எறங்கிட்டிருந்தா எப்படிக் கல்யாண ஆசை வரும்? மூளை கெட்ட வெளையாட்டு!"

அவளுக்கும் கோபம் வந்தது. என் வயிற்றில் பிறந்தவள்தானே. "மூளை கெட்ட வெளையாட்டா? எங்க, நீ ஒரு தடவ அஞ்சாவது மாடிக்கு எறங்கிக் காட்டு பாப்பம்."

"எறங்குனா?"

"எறங்குனா, நீ சொல்ற மாப்பிள்ளையக் கட்டிக்கிறேன். வாயே தொறக்க மாட்டேன். எறங்கலேன்னா இந்த எடத்த நீ விட்டுறணும். ஈஸ்டர் வரைக்கும் உனக்கு டைம்."

"கல்யாணத்த வச்சா பந்தயம் கட்டுவீங்க?" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பையன்களை அடக்கி மேய்த்த எனக்கு ஒரு கம்ப்யூட்டர் பொந்து பெரிசா என்று நான் சரி சொல்லிவிட்டேன்.

விளையாட்டு என்றால் ஒரு லட்சணம் வேண்டாமா? கறுப்புத் திரை. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓர் எழுத்து வருமே, அதுதான் நான். புள்ளியெல்லாம் தரை. ஏணிப்படி மாதிரி இருக்கும் குறியெல்லாம் பாதை. சின்ன 'ஆர்' வந்தால் எலி, 'டி' வந்தால் நாய் அல்லது நரி, பெரிய 'இசட்' வந்தால் செத்துப்போய் எழுந்து நடக்கிற பிணம். எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். இங்கே எழுத்துகள் வந்து என்னைக் கடித்தன.

என்னென்ன பொத்தான் எதற்கு என்று மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். அதில் அவள் ஒளிவு மறைவு பண்ணவில்லை. இடது, வலது, மேல், கீழ், எடு, போடு, தின். "தின்னுன்னா என்னத்தத் திங்கிறது?" என்றேன். "கெடைக்கிறத" என்றாள்.

முதல் நாள் ஒரு பல்லி கடித்துச் செத்தேன். செத்தால் எழுத்துகளாலேயே ஒரு கல்லறை வரைந்து, இன்னதால் செத்தார் என்று அதில் எழுதிக் காட்டும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, செத்தது செத்ததுதான். விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது. முதலிலிருந்து இறங்க வேண்டும். அதுவாவது பழைய இடமாக இருக்கிறதா? அறைகள் மாறிவிடும், பாதை மாறிவிடும், படிக்கட்டு வேறெங்கோ இருக்கும். நேற்று படித்த பாடம் இன்றைக்கு உதவாது என்றால் அது என்ன பாடம்? இதைக் கண்டுபிடித்தவனை என் வகுப்பில் முட்டி போட வைத்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிட வரும்போது வீட்டுக்காரர் கேட்பார். "இன்னைக்கு எத்தனாவது மாடில செத்த?"

"மொத மாடிதான்."

"எது கடிச்சு?"

"உங்களுக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வேணுமா வேணாமா?" என்பேன். அதற்குப் பிறகு பேச மாட்டார். ஆனால் தட்டைப் பார்த்துச் சிரிப்பது தெரியும்.

நான் விட்டேனா? சமையல் முடிந்ததும் உட்கார்ந்தேன், பாத்திரம் கழுவியதும் உட்கார்ந்தேன். மகள் முன்னறையில் ஆபீஸ் வேலை பார்ப்பாள். நான் உள்ளறையில் அவளுடைய பழைய லேப்டாப்பில் பாதாளத்துக்குள் இறங்குவேன். அந்த நாட்களில் எனக்குக் கனவிலும் புள்ளிதான் வந்தது. கூடவே ஒரு நாய்க்குட்டி வரும், அதுவும் ஒரு 'டி'தான். நான் கொன்று போட்டதையெல்லாம் அது தின்னும். அது தின்பதைச் 'சாப்பிடுகிறது' என்று கீழே எழுதி வேறு காட்டும். பேகம்பூர் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்பைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள் நான். நாற்றமே இல்லாத அந்தத் திரையைப் பார்த்தும் பல தடவை முந்தானையைத் தூக்கினேன்.

எனக்குப் பழகப் பழகச் சண்டை பிடிபட்டது. பல்லியெல்லாம் இப்போது எனக்குத் தூசு. ஆனால் பசி பிடிபடவில்லை. அந்த உலகத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஆளுக்குப் பசி வந்துவிடுகிறது. கையில் கொண்டுபோன ரொட்டியும் ஆப்பிளும் தீர்ந்துவிட்டால், கொன்றதைத் தின்னு என்கிறது. அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை எலி வந்தது. நான் வேண்டாம் என்று அழுத்தினேன். பிறகு நரி. வேண்டாம். பிறகு பெயர் தெரியாத ஒரு ஜந்து. வேண்டாம். என் ஆள் மயங்கி மயங்கி விழுந்து, பட்டினியால் செத்தார் என்று கல்லறையில் எழுதியது.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா, அது கம்ப்யூட்டர் எலிம்மா. தின்னுருக்கலாம்ல!"

"தவக்காலத்துல கறி கறிதான். கம்ப்யூட்டர் எலின்னா என்ன, காட்டு எலின்னா என்ன? நாப்பது நாளும் முட்டகூடத் தொடாதவ நான். செத்த எலியத் தின்னு வெரதத்த முறிக்கச் சொல்றியா?"

"அப்ப ஈஸ்டருக்கு அப்புறம் திம்பியா?"

"சீ, வாயக் கழுவு!"

எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. அந்த வாலைச் சுருட்டிய எழுத்து நான்தானே? நான் தின்னாததை அது எப்படித் தின்னும்? இப்படியே பட்டினியால் எத்தனை தடவை செத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை மூன்றாவது மாடிவரை போய்ப் பட்டினியால் செத்தேன். அன்றைக்கு மகள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. என்னிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயம் வந்துவிட்டது பிள்ளைக்கு என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு நாள், உதவிப் பக்கம் என்று ஒன்று இருப்பதைத் தடவித் தடவி நானே கண்டுபிடித்தேன். ஆங்கிலத்தில் பொடிப் பொடியாக எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனால், ஜெபம் செய் என்று ஒரு கட்டளை இருக்கிறது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லையே?

அடுத்த தடவை இரண்டாவது மாடியில் பசி வந்தபோது அதை அழுத்தினேன். நிஜமாகவே ஜெபிக்க வேண்டுமா என்று கேட்டது. ஏதோ ஒரு சாமியின் பெயரைச் சொன்னது. அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. எந்த நாட்டுச் சாமியோ, எந்தக் காலத்துச் சாமியோ! வேறு சாமியைக் கும்பிடுவது பத்துக் கட்டளையில் முதல் கட்டளைக்கே விரோதமாயிற்றே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நெற்றியில் சிலுவை போட்டு, "ஆண்டவரே, இது பொம்மைதான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். உன் வயிறு நிறைந்தது என்று வந்தது. எலி இல்லை, நரி இல்லை, சுத்தமாக வயிறு நிறைந்தது! நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன்.

அதற்குப் பிறகு மடமடவென்று மூன்றாவது மாடிக்கு இறங்கினேன். பன்னிரண்டு மணி ஆயிற்று. கோயிலில் மூவேளை ஜெபத்துக்கு மணி அடித்தது. எங்கள் வீட்டில் அந்த மணி அடித்தால் அடுப்பில் என்ன கிடந்தாலும் எழுந்து நின்று ஜெபம் சொல்வது வழக்கம். சொல்லி முடித்ததும் திரையைப் பார்த்தேன். நான் ஜெபிக்கும்போது என் ஆள் மட்டும் சும்மா நிற்பதா என்று தோன்றியது. அவனையும் ஜெபிக்க வைத்தேன். பசியே இல்லை, சும்மா ஒரு மரியாதைக்குத்தான். மகள் டீ கிளாஸோடு என் பின்னால் வந்து நின்றதைத் திரையில் நிழலாகப் பார்த்தேன். அந்தச் சாமிக்கு மனத்தாங்கல் என்று கீழே எழுதிக் காட்டியது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமி என்றால் ஒரு நாளைப் போல ஒரு நாளா இருக்கும்? மகள் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. திரும்பினேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

நாலாவது மாடி. அங்கே நான் அதற்கு முன்னால் போனதே இல்லை. பெரிய அறை ஒன்றின் கதவைத் திறந்ததும், எதிர் மூலையில் கீழே இறங்கும் படிக்கட்டின் குறி தெரிந்தது. இறங்கிவிட்டால் முடிந்தது. ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டு நிச்சயத்துக்குச் சேலை எடுக்க எப்போது போகலாம் என்று கேட்க வேண்டியதுதான். "அடியே, இங்க வா! வந்து பாரு!" என்று கூப்பாடு போட்டேன். முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் ஆளுக்குப் பசி வந்துவிட்டது. மயங்கி விழுந்து இத்தனையும் வீணாகிவிடுமோ என்று பயம். ஜெபித்துவிட்டே போவோம் என்று அழுத்தினேன்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. என்னைக் கூப்பிட உனக்கு என்ன துணிச்சல் என்கிற மாதிரி ஒரு வரி. பிறகு, வானத்திலிருந்து இடி விழுந்தது. நீ கருகிப் போனாய். கல்லறை. இன்ன சாமியின் கோபத்தால் செத்தார்.

எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. உடம்பெல்லாம் கூசியது. லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு முன்னறைக்குப் போனேன். மகள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக்காரர் சாப்பிட வந்து அப்போதுதான் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இரண்டு பேரையும் நிற்க வைத்துக்கொண்டு நான் பிடிபிடியென்று பிடித்தேன்.

"எலியத் திங்கச் சொன்னுச்சு, பொறுத்துக்கிட்டேன். பொணத்தோட சண்ட போடச் சொன்னுச்சு, பொறுத்துக்கிட்டேன். இது என்ன கொடும? கேட்டது ஒரு குத்தமா? மூணாவது தடவ வாயத் தொறந்தா இடியப் போடுமா? ஏம்மா, உனக்கு என்ன வேணும், பசிக்குதா, பயமா இருக்கான்னு ஒரு வார்த்த கேக்க வேணாம்? இதெல்லாம் ஒரு சாமியா? த்தூ!"

மகள் சொன்னாள், "நானும் மூணு தடவதாம்மா கேட்டேன்."

வீட்டுக்காரர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுட்டது. சோபாவில் உட்கார்ந்தேன். "சரி, இப்பச் சொல்லு. என்ன சொல்ல வந்த?" என்றேன்.

அப்பாவைப் பார்த்தாள். அவர் உள்ளே போகத் திரும்பினார். "நீங்களும் இருங்கப்பா" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேச ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே போட்டோ அனுப்பச் சொன்னாரும்மா."

"போட்டோதான் நாமளே குடுத்தமே?"

"அந்த போட்டோ இல்ல." குரலைத் தாழ்த்தி, "துணி இல்லாம" என்றாள்.

வீட்டுக்காரர் வாசல் கதவைச் சாத்தினார்.

"முடியாதுன்னு சொன்னேன். கட்டிக்கப் போறவன்தானே கேக்குறேன்னாரு. சரக்கப் பாக்காம யாராச்சும் வாங்குவாங்களான்னு கேட்டுட்டுச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் நான் போனே எடுக்கல. நீ என்னடான்னா, மாப்பிள்ள கூப்பிட்டா எடுத்துப் பேச மாட்டியான்னு என்னயத் திட்டுற."

கொல்லைக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்புளித்துக் கொப்புளித்தும் போகவில்லை. வாசகம் வாசிக்கிற வாய்! அந்தக் கணீர்க் குரலை எண்ணியெண்ணி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். நான் எடுத்துக் கொடுத்த நம்பரில்தானே அந்த நாய் பேசியிருக்கிறான் என்று என் கையே எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நேராகப் போனை எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"ஏனுங்க டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா? குருத்து ஞாயிறு முடிச்சுட்டு நானே கூப்பிடலாம்னு இருந்தனுங்க."

"இந்த எடம் எங்களுக்கு வேணாங்க" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். எனக்குச் சொல்லவே நாக்குக் கூசியது. அந்த அம்மா அழுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், அவனை இழுத்து வைத்து அறைவதாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அவன் கேட்டது தப்புதானுங்க, இல்லீங்கல. ஆனா வெளிய யாருகிட்டயோ கேக்கலீங்களே, கட்டிக்கப் போற புள்ளகிட்டத்தானுங்க கேட்டிருக்கான். இந்தக் காலத்துப் பசங்க. இதப் போயிப் பெருசு பண்ணுனா, நாளைக்கு உங்க புள்ளைக்குத்தானுங்க பேரு கெடும்."

மூன்று நாள் தியானத்தில் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "இந்தாங்கம்மா, பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. உங்க மகன் எம்மகளுக்கு இன்னொரு தடவ போன் பண்ணுனான்னா, நான் ஒட்டன்சத்திரத்துக்கே வாரேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டுக் கைகழுவப் போனார்.

அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். கீரையும் ரசமும்தான். மகள் இரண்டு தடவை சோறு வாங்கினாள். அவள் அப்படிச் சாப்பிட்டுப் பல நாளாகியிருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கி, சிரிப்புக்கூட வந்தது. சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "ஏண்டி, ஒருவேள நான் அஞ்சாவது மாடிக்கு எறங்கியிருந்தேன்னா என்னடி பண்ணிருப்ப?"

"கட்டியிருப்பேன்" என்றாள்.

"என்னது?"

"கட்டியிருப்பேன்மா. பந்தயம் கட்டியாச்சுல்ல. அதுக்கப்புறம் நாலாவது தடவ உன்கிட்ட வந்து கேக்கச் சொல்றியா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நீ எங்க எறங்கப் போறன்னு நெனச்சுத்தான் பந்தயம் கட்டுனேன். நீ மூணாவது மாடிக்குப் போனதுமே எனக்குப் பயம் வந்துருச்சு. இன்னைக்கு நீ சும்மா சும்மா ஜெபம் பண்ணுறத பின்னாடி நின்னு பாத்தேன். அப்படி அடிக்கடி கேட்டா அந்தச் சாமிக்குக் கோவம் வந்துரும்மான்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லாமலே போயிட்டேன். நீ வா வான்னு கூப்பிட்டப்ப, படிக்கட்டப் பாத்துட்டன்னு தெரிஞ்சுச்சு. என்னால எந்திரிச்சு நிக்கத்தான் முடிஞ்சுச்சு, வர முடியல."

வீட்டுக்காரர் என் தட்டில் ரசம் ஊற்றினார். நாலாவது மாடியின் அந்த அறை என் கண்ணுக்குள் நின்றது. நடுவில் ஒரு எலிகூட இல்லை, வெறும் புள்ளிகள்தான். ஜெபிக்காமல் பசியோடு நடந்திருந்தாலும் நான் அந்தப் படிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.